பச்சைப் பருக்கை

மூன்றாவது கிணறும் கைவிரித்துவிட்டால் வெள்ளிக்கிழமை காலை வெல்டர் விமானம் ஏறிவிடுவார். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. மலைமேல் துளை போடுகிற கோபுரத்தில் வேலை பார்த்த அறுபது பேருக்கும் தெரியும். அடிவாரத்தில் தெருவுக்கே தெரியும். வெல்டரின் அக்கா மிஷினில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த புதுப் பேன்ட்டுக்குக்கூடத் தெரியும் என்று ஆட்கள் கிண்டல் செய்தார்கள். வெளிநாட்டில் கப்பல் கட்டும் இடத்தில் மூன்று வருட ஒப்பந்தம். விசா வந்து பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

தெரிந்தும் தெரியாததுபோல நடமாடியவள் அவருடைய மனைவி ஒருத்திதான். அவளும் அதே மலையில்தான் வேலை பார்த்தாள். கோபுரத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதில் ஒரு தொட்டி, ஒரு குழாய், வரிசையாகச் சல்லடைகள். அங்கே உட்கார்ந்து கல் கழுவுவது அவள் வேலை. கல் கழுவவும் சம்பளமா என்று ஆரம்பத்தில் தெருவில் சிரித்தவர்கள் உண்டு. சம்பளம் வந்த பிறகு சிரிப்பு நின்றுபோனது.

கிணறு என்றால் வாளி போட்டுத் தண்ணீர் இறைக்கிற கிணறு அல்ல. இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போகிற துளை. அடியில் பாறை நெருப்பாய்க் கொதிக்கிறது, அதன் இடுக்குகளில் தண்ணீரும் கொதித்துக்கொண்டிருக்கிறது, அதை ஆவியாக மேலே வரவழைத்து டர்பைனைச் சுற்றவிட்டு மின்சாரம் எடுக்கலாம் என்பது திட்டம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் வெந்துகொண்டிருந்த ஊருக்கு இது காதில் தேன் வார்த்த செய்தி. ஆனால் முதல் கிணற்றில் வந்த தண்ணீரில் குளிக்கத்தான் முடிந்தது. இரண்டாவதில் முட்டை அவிக்கலாம், அவ்வளவுதான். மூன்றாவது கிணறு ஆயிரத்து எண்ணூறு மீட்டரைத் தாண்டியும் நல்ல சேதி ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை சாயங்காலத்தோடு நிறுத்திவிட்டு மூட்டை கட்டுங்கள் என்று தலைமை அலுவலகம் தகவல் அனுப்பிவிட்டது.

கிணறு சூடாக இருந்தால் மலை முழுக்க ஆவிக் குழாய் போடவேண்டும். கிலோமீட்டர் கணக்கில் குழாய், ஆயிரக்கணக்கில் இணைப்பு. பத்து வருடத்துக்கு வெல்டருக்கு உள்ளூரிலேயே வேலை. இல்லையென்றால் கப்பல்.

ஏற்கெனவே ஒரு முறை போய்விட்டு வந்தவர்தான். நாலு வருடம் கழித்து அவர் பெட்டியும் கையுமாக வாசலில் நின்றபோது, ஐந்து வயது மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரோ மாமா வந்திருக்காரு," என்றாள். வெல்டர் சிரித்தார். குளிக்கிறேன் என்று உள்ளே போனவர் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருந்தார். அது அவர் மனைவிக்கு மறக்கவே இல்லை. இப்போது மகளுக்கு ஒன்பது வயது, அப்பா தோளில் தொங்காமல் தூங்கப் போகமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வெல்டர் ஸ்டூலின்மேல் ஏறி நின்றிருந்தார். அக்கா கீழே முட்டி போட்டு உட்கார்ந்து, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பேன்ட்டின் கால் மடிப்பை அளந்தாள். இரண்டு வீடு தள்ளி இருந்தாள், ஆனால் அவளுடைய தையல் மிஷின் பாதி நாள் இங்கேதான் ஓடும்.

"ஆடாம நில்லுடா. இடுப்புல ரெண்டு இன்ச் கூட விட்டு வச்சிருக்கேன். அங்க போனா தொப்பை போடும்."

"போறதுன்னு இன்னும் முடிவாகலையேக்கா."

"முடிவாகலையா? விசா வந்தாச்சு, டிக்கெட் வந்தாச்சு, பேன்ட்டும் வந்தாச்சு. இன்னும் என்ன வரணும், பேண்டு வாத்தியமா?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் துளை போடுறாங்க."

"ரெண்டு வருஷமா போடுறாங்க. ஒரு எலியை விட்டிருந்தா இந்நேரம் அந்தப் பக்கமா வெளியில வந்து எட்டிப் பாத்திருக்கும்." அக்கா குண்டூசிகளைக் கையில் துப்பிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, நீ சொல்லேன். உன் புருஷன்தானே?"

டிபன் டப்பாவில் சோற்றை அமுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அவங்க இஷ்டம் அண்ணி."

"இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. அவன் உன்னைப் பாக்கிறான், நீ டப்பாவைப் பாக்கிற."

வெல்டர் நிஜமாகவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முட்டையை இரண்டாக வெட்டிச் சோற்றின்மேல் வைத்து மூடினாள். போகாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்ல அவளுக்கும் ஆசைதான். சொல்லி, அவரும் நின்று, வேலையும் இல்லாமல் போனால் அந்தப் பழியை யார் சுமப்பது? அக்கா நாலு பேர் கையைக் காலைப் பிடித்து வாங்கிய விசா அது. அப்பா அம்மா இல்லாத தம்பியைத் தையல் ஊசியால் வளர்த்து ஆளாக்கியவள். அவளிடம் வாயைக் கொடுத்து மீள முடியாது.

கொட்டகையில் அவள் வேலை இப்படி. பூமிக்கடியில் அரைபட்ட கல், துளைக்குள் பாய்ச்சுகிற சேற்றோடு சேர்ந்து குழாய் வழியாக மேலே வரும். அதிர்ந்துகொண்டே இருக்கும் பெரிய சல்லடையில் சேறு கீழே இறங்கிவிடும், கல்பொடி மேலே தங்கும். மூன்று மீட்டருக்கு ஒரு கரண்டி அள்ளிவந்து, தண்ணீரில் அலசி, தட்டில் பரப்பி, தூசி துரும்பு, நூல், இரும்புத் துகள், பெயின்ட் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு, காயவைத்துப் பையில் போட்டு ஆழத்தை எழுதவேண்டும். தானியக் கிடங்கில் பதினோரு வருடம் அரிசியில் கல் பொறுக்கியவள் அவள். இங்கே கல்லில் மற்றதைப் பொறுக்கினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அவள் பையைத் திறந்தால் உள்ளே கல்லைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது என்று மலை முழுக்க நல்ல பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தப் பைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து, கிணறு எப்படி என்று சொல்கிறவள் கல் டாக்டர். படித்துப் பட்டம் வாங்கிய பெண், இருபத்தெட்டு வயது. வெயிலில் மூக்கு உரிந்திருக்கும். ஒரு நாளைக்கு மூன்று பேனா தொலைப்பாள்.

அன்று பதினோரு மணிக்குக் கல் டாக்டர் கொட்டகைக்கு வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் தொப்பென்று உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"டாக்டரம்மா, டீ இருக்கு. ஊத்தட்டுமா?"

"வேணாம்க்கா. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"இன்னும் ஒரு நாள் இருக்கே."

"ஒரு நாள்ல என்ன ஆகிடும்? எல்லா அளவும் கீழ சூடு இருக்குன்னு சொல்லுது. கல்லு மட்டும் இல்லைங்குது. சூட்டுல வெந்த கல்லுன்னா அதுக்குன்னு சில அடையாளம் இருக்கும்க்கா. உங்க பையைத் தொறந்தா ஒண்ணுமே இல்லை. துடைச்சுவச்ச மாதிரி இருக்கு."

அவள் இடுக்கியை எடுத்துத் தட்டில் பொறுக்கத் தொடங்கினாள். கை வேலையில் இருந்தால்தான் அவளுக்கு மனம் ஒரு நிலையில் நிற்கும்.

"ஒரு தெர்மாமீட்டரை இறக்கிப் பாத்துட்டா தெரிஞ்சிடாதா?"

"குளிர்ந்த சேத்தை விடாம உள்ள பாய்ச்சிக்கிட்டே இருக்கோம். நெத்தியில ஐஸ் வச்சுட்டுக் காய்ச்சல் பாக்கிற மாதிரி ஆகும். கிணறு மூணு நாலு வாரம் சும்மா கிடக்கணும். அப்பத்தான் நிஜமான சூடு தெரியும். அதுவரைக்கும் கல்லுதான் பேசணும்."

அவள் ஒரு பச்சைத் துகளை எடுத்துப் பக்கத்திலிருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டாள். டிக் என்றது. இன்னொன்று. டிக்.

கல் டாக்டர் தலையைத் தூக்கினாள். "என்னக்கா சத்தம்?"

"பெயின்ட்டு."

"பெயின்ட்டு எப்படிக்கா சத்தம் போடும்?"

கல் டாக்டர் கேட்டபிறகுதான் இவளுக்கே அது உறைத்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கல் டாக்டர் எழுந்து வந்து டப்பாவை எட்டிப் பார்த்தாள். பாதி டப்பாவுக்கு, பச்சைப்பயறை உடைத்துக் கொட்டியதுபோல, மஞ்சள் கலந்த பச்சையில் பொடிப்பொடியாகக் கிடந்தது.

"அக்கா... இதெல்லாம் என்ன?"

"நீங்கதானே டாக்டரம்மா சொன்னீங்க? ரெண்டாவது கிணத்துல, கோபுரத்துலேர்ந்து உதிர்ந்த பெயின்ட்டைக் கல்லுன்னு நினைச்சு நீங்க மேல அனுப்பி, அவங்க உங்களைக் கேலி பண்ணி... அன்னிக்கு வந்து, இனிமே பச்சையா எது இருந்தாலும் பொறுக்கிப் போட்டுடுங்கன்னு சொன்னீங்க. கோபுரமும் பச்சை, இதுவும் பச்சை. சாக்கடையில போடக் கூடாதுன்னாங்க, டப்பாவுல போட்டேன்."

"எவ்வளவு நாளா?"

"முன்னெல்லாம் தினம் ரெண்டு, மூணு கிடைக்கும். பத்து நாளா ஒரு பிடி வருது. கோபுரம் இப்படி உரியுதே, புதுசா அடிக்கக் கூடாதான்னு மேஸ்திரிகிட்டகூடச் சொன்னேன். பெயின்ட் அடிச்சு ஆறு மாசம்தான் ஆச்சு, உன் வேலையைப் பாரும்மான்னுட்டாரு."

கல் டாக்டர் டப்பாவை அணைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டே ஓடினாள். அவளும் பின்னாலேயே ஓடினாள். எங்கே போகிறோம் என்று தெரியவில்லை, வெல்டிங் பட்டறை வாசலில் போய் நின்றபோதுதான் தெரிந்தது.

வெல்டர் முகமூடியைத் தூக்கினார். மனைவி தலைமுடி கலைந்து மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டார். "என்னாச்சு? பாப்பாவுக்கு ஏதாவதா?"

"அதெல்லாம் இல்லங்க!"

"அண்ணா, நெருப்பு வேணும்," என்றாள் கல் டாக்டர். "சின்னதா, கொஞ்ச நேரம்."

ஒரு இரும்புத் தகட்டை மேசைமேல் போட்டார் வெல்டர். கோபுரத்தின் காலில் சுரண்டிய நிஜமான பெயின்ட் ஒரு துண்டை முதலில் வைத்தார்கள். சுவாலை பட்டதும் அது சுருண்டு, கறுத்து, மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி நாறியது. அடுத்து டப்பாவிலிருந்து ஒரு துகள். வெல்டர் சுவாலையைக் கிட்டே கொண்டுபோனார். தகடு பழுத்துச் சிவந்தது. புகை இல்லை, நாற்றம் இல்லை. துகள் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"கல்லு," என்றாள் கல் டாக்டர். குரல் கீச்சென்று வந்தது. "கல்லுதான்! அக்கா, கீழ இருநூத்தி நாப்பது டிகிரிக்கு மேல சூட்டுல வெந்தாத்தான் இந்தப் பச்சைக் கல்லு உண்டாகும். இதைத்தான் நான் ரெண்டு வருஷமா தேடிக்கிட்டிருக்கேன். நீங்க டப்பாவுல போட்டு மூடி வச்சிருக்கீங்க!"

சந்தோஷப்படவேண்டிய இடம்தான். ஆனால் அவள் அங்கேயே ஒரு குழாய்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப கிணறு இல்லைன்னு சொல்லல. என் கைதான் சொல்லியிருக்கு. ஊர் குடியை நானே கெடுக்கப் பாத்திருக்கேனே."

"அக்கா, பொறுக்குங்கன்னு சொன்னது நான். பட்ட அவமானத்துல பச்சைன்னாலே பயந்துபோய்ச் சொல்லிட்டேன். அப்படிப் பொறுக்க முடியும்னு நான் நினைக்கவே இல்லை. வேற யாரா இருந்தாலும் பாதியை விட்டிருப்பாங்க. உங்க கண்ணு ஒண்ணைக்கூட விடல." கல் டாக்டர் சிரித்துக்கொண்டே அழுதாள். வெல்டர் தகட்டின்மேலிருந்த அந்தத் துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமை அலுவலகம் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. போனில் ஒலிபெருக்கியைப் போட்டு எல்லோரும் கேட்டார்கள்.

"டப்பாவுல எல்லாம் ஒண்ணாக் கலந்து கிடக்குது. எந்தத் துகள் எந்த ஆழத்துலேர்ந்து வந்ததுன்னு சொல்லுங்க பாப்போம். போன தடவை பெயின்ட்டை அனுப்பினவங்கதானே நீங்க? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. பொறுக்காத கல்லைக் காட்டுங்க, பேசலாம்."

புதன்கிழமை காலையிலிருந்து கொட்டகையைச் சுற்றி எள் போட்டால் விழாத கூட்டம். துளை போடும் வேலையின் மேஸ்திரி வந்து நின்றார். இயந்திரச் சத்தத்தில் ஒரு காது செத்துப்போன மனிதர், எல்லோரும் செவிடு என்று நினைத்துக் கத்தித்தான் பேசுவார்.

"ஏம்மா! இன்னிக்குக் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும்! பொறுக்கினே, அவ்வளவுதான்!"

அவளுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வாழ்நாளில் வாய்த்ததில்லை. அலசிப் பரப்புவதோடு சரி. தட்டில் ஒரு நூல் கிடந்தால்கூட விரல் தானாகப் போனது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டாள். அடியில் அரைபடுகிற கல் மேலே வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை எல்லோரும் டீயைக் குடித்துவிட்டு ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் கரண்டியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டார். மூன்றாவது தட்டை அவள் பரப்பியபோது ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. கல் டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"ரெண்டு," என்றாள் அவள் மெல்ல. "இல்லை, மூணு. அந்தக் கறுப்புக் கல்லுக்கு அடியில ஒண்ணு இருக்கு."

"எனக்குத் தெரியலையே."

"இருக்கு டாக்டரம்மா."

ஊசி முனையால் புரட்டினார்கள். இருந்தது. யாரோ விசில் அடித்தார்கள். அப்புறம் வந்த தட்டுகளில் எண்ணவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மூன்று மணிக்கு வந்த கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு பச்சை. ஆழத்தை எழுதிப் படம் பிடித்து, தட்டுத் தட்டாக அனுப்பினாள் கல் டாக்டர். பேனாவைத் தொலைத்துவிட்டு அவளுடைய பேனாவையும் வாங்கித் தொலைத்தாள்.

நாலேகாலுக்கு மேஸ்திரி கோபுரத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார். "சேறு போச்சு! சேறு போச்சு!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேறு போவதென்றால் உள்ளே விட்ட சேறு திரும்பி வராமல் பாறைக்குள் ஓடிவிடுவது. இதற்கு முன் ஒரு தடவை அப்படி நடந்தபோது இதே மனிதர் தலையிலடித்துக்கொண்டதை அவள் பார்த்திருக்கிறாள். இன்றைக்கோ குதிக்கிறார்.

"இந்த ஆழத்துல சேறு ஓடுதுன்னா, கீழ பாறை வெடிச்சு வெடிச்சுக் கிடக்குதுன்னு அர்த்தம்! அந்த வெடிப்புலதானேம்மா கொதிக்கிற தண்ணி கிடக்கும்!"

அதிரும் சல்லடை காலியாக ஆடிக்கொண்டிருந்தது. கல்பொடியும் சேற்றோடு போய்விட்டதால் இனி எதுவும் மேலே வராது. "இனிமே கழுவ ஒண்ணும் இல்லக்கா," என்று கல் டாக்டர் அவளைக் கட்டிக்கொண்டாள். வேலை போன செய்தியைக் கேட்டு அப்படிச் சிரித்த பெண்ணை அந்த மலை அதுவரை பார்த்திருக்காது.

தலைமை அலுவலகம் இறங்கி வந்தது. இன்னும் இருநூறு மீட்டர் போங்கள், அப்புறம் கிணற்றை மூடி மூன்று வாரத்துக்குமேல் சூடேற விடுங்கள், திறந்து பார்த்துத்தான் மற்றதெல்லாம் என்றார்கள். குழாய் வேலைக்கும் ஆள் எடுப்பதற்கும் அதுவரை வாய் திறக்கமாட்டார்களாம். மூன்று வாரம். வெள்ளிக்கிழமைக்கோ இரண்டு நாள்.

வியாழக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வீட்டில் பெட்டி திறந்து கிடந்தது. பேன்ட் இஸ்திரி போட்டு மடித்திருந்தது. கரண்ட் இல்லை. மகள் பெட்டிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றாள்.

"கல்லு பச்சையா இருக்காம், அதுக்காக இவன் டிக்கெட்டைக் கிழிக்கணுமாம்," என்றாள் அக்கா. "யாராவது கேட்டா வாயால சிரிக்கமாட்டாங்க. தெறந்து பாத்து அது ஆறின கஞ்சியா இருந்தா? அப்ப இந்த விசா உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமாடா? நான் ஒவ்வொருத்தர் வீட்டு வாசல்லயும் போய் நின்னது எனக்குத்தான் தெரியும்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா பெட்டியை மூடு."

வெல்டர் மூடவில்லை. மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. அந்தக் கல்லை ரெண்டு வருஷமா பாத்தவ நீ. அந்தத் தகட்டுல அது உக்காந்திருந்ததை நானும் பாத்தேன். ஆனா எனக்குக் கல்லு தெரியாது. உனக்கு என்ன தோணுது?"

அவங்க இஷ்டம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள். ஒரு தடவை அவள் கை தப்புப் பண்ணியிருக்கிறது. மறுபடி தப்பாகப் போனால் இந்த வீட்டில் காலத்துக்கும் தலைநிமிர முடியாது. அது தெரிந்துதான் வாயைத் திறந்தாள்.

"போகாதீங்க."

அக்கா மடித்திருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"கிணறு சூடா இருக்கு. நான் பாத்தேன். அந்தப் பச்சை ஒவ்வொண்ணையும் என் கையால எடுத்திருக்கேன், அண்ணி. பெயின்ட்டுன்னு நினைச்சு எடுத்ததும் நான்தான், எனக்குத் தப்பே வராதுன்னு சொல்லல. ஆனா இது தப்பு இல்லை. கிணறு ஆறிப்போயிருந்தாலும் சொல்றேன், நீங்க போகவேண்டாம். இவ மறுபடியும் உங்களை மாமான்னு கூப்பிட்டா என்னால தாங்க முடியாது. நான் மறுபடியும் கிடங்குக்கே போறேன். கஞ்சி குடிச்சாலும் சேர்ந்து குடிக்கலாம்."

இவ்வளவு நீளமாக அவள் அந்த வீட்டில் பேசியதே கிடையாது. வெல்டர் மகளைப் பெட்டியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, போனை எடுத்து விசா ஏஜென்டிடம் பேசினார். என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அக்கா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். "பேன்ட்டை வீணாக்காத. வேலைக்குப் போட்டுக்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவளுடைய மிஷின் இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

கிணறு மூடிக் கிடந்த இருபத்தாறு நாளையும் அவள் விரல்விட்டு எண்ணினாள். தெருவில் போனால், "என்ன, உங்க கிணறு கொதிச்சாச்சா?" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி அரிசியைக் கொண்டுவந்து, "கொஞ்சம் பாத்துச் சொல்லு, இதுல எத்தனை டிகிரி இருக்கு," என்றாள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்குள் வந்து விரல் நகத்தைக் கடிப்பாள். வெல்டருக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கிணற்று வாயிலிருந்து ஆவியை ஓரமாகக் கொண்டுபோய்விடும் குழாயை இணைக்கவேண்டும், நாற்பது மீட்டர். அதை அவர் இழைத்து இழைத்துச் செய்தார். ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, திருப்தி இல்லாமல் ஒன்றை வெட்டி மறுபடி பற்றவைத்தார். கிணறு ஆறிப்போயிருந்தால் அந்தக் குழாய்க்கு ஒரு வேலையும் இல்லை. அதை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

திறக்கிற நாள் காலை ஒன்பது மணிக்கே மலைச்சரிவு முழுக்க ஜனம். கயிறு கட்டி முந்நூறு மீட்டர் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்கள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் திரும்பிப் பார்த்தபோது, நாலு பேர் தள்ளி அக்கா நின்றிருந்தாள். வெயிலுக்குப் புடவைத் தலைப்பை முக்காடு போட்டிருந்தாள். பேசவில்லை, ஆனால் வந்திருந்தாள்.

வெல்டரும் மேஸ்திரியும் இன்னும் இரண்டு பேரும் வால்வுக்குப் பக்கத்தில். சக்கரத்தைச் சுற்றினார்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று.

ஒன்றும் வரவில்லை.

கூட்டம் கப்சிப். ஒரு ஈ பறந்தால்கூடக் கேட்கும், அவ்வளவு அமைதி. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் மகளின் கையை இறுக்கியதில் அது, "அம்மா, வலிக்குது," என்றது. கல் டாக்டர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அப்புறம் உஸ்ஸென்று ஒரு சத்தம். குழாய் வாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கொட்டியது. வெறும் குளிர்ந்த தண்ணீர், ஆவிகூட இல்லை. "அவ்வளவுதானா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தண்ணீர் நின்றது. குழாய் ஒருமுறை இருமியது. சாம்பல் நிறத்தில் சேறு பீய்ச்சிக்கொண்டு வந்தது, அதில் கல்லும் சேர்ந்து பறந்தது. நிலம் காலுக்கடியில் அதிர ஆரம்பித்தது. அதை அவள் முதலில் உள்ளங்காலில்தான் உணர்ந்தாள்.

பிறகு கிணறு வாயைத் திறந்தது.

அந்தச் சத்தத்தை எந்தப் பஞ்சும் தடுக்கவில்லை. நெஞ்சுக்குள் புகுந்து எலும்பை ஆட்டியது. குழாய் முனையிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி பிளந்துகொண்டு போய், எதிர்ச்சரிவையே மறைத்து, மேலே மேலே எழும்பியது. ஜனங்கள் கத்தினார்கள், வாய் அசைந்ததே தவிர எதுவும் கேட்கவில்லை. மகள் காதைப் பொத்திக்கொண்டு துள்ளினாள். கல் டாக்டர் தன் உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள். 268 டிகிரி. கீழே ஒரு கோடு, அதற்கும் கீழே இன்னொரு கோடு.

யாரோ அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். அக்கா. முக்காடு நழுவிக் கிடந்தது, முகமெல்லாம் கண்ணீர். கோபமோ சந்தோஷமோ என்னவோ சொல்லிக்கொண்டே அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். நன்றாக வலித்தது. அப்புறம் மகளைத் தூக்கிக்கொண்டாள்.

வெல்டரின் மனைவியின் கண் மட்டும் ஆவியின்மேல் நிற்கவில்லை. குழாய் ஓரமாக ஒரு ஆள் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வந்தார். குழாய் முழுசும் கிடுகிடுவென்று ஆடியது, ஆனால் ஒரு இணைப்பிலும் ஒரு நூல் ஆவிகூடக் கசியவில்லை. கடைசி இணைப்பைப் பார்த்து முடித்து நிமிர்ந்தவர், கூட்டத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்தார். கையை உயர்த்தி என்னவோ கத்தினார். அவள் காதைக் காட்டித் தலையை ஆட்டினாள். அவர் மறுபடியும் கத்தினார், இன்னும் பலமாக, உடம்பே குலுங்க. ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

பரவாயில்லை என்று கையைக் காட்டினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்டுக்கொள்ளலாம். இன்றைக்கு மறந்துபோனால் நாளைக்குக் கேட்கலாம்.